‘நமது மீட்புக்காகவும்’: கிறிஸ்து யார் என்ற வழக்கின் உள்ளே இருந்த கேள்வி

கத்தோலிக்கத் திருப்பலியில் சொல்லப்படும் நீண்ட விசுவாச அறிக்கையில், "மனிதரான நமக்காகவும் நமது மீட்புக்காகவும் வானகமிருந்து இறங்கினார்" என்று ஒரு வரி உண்டு. அதற்கடுத்த வரியில் "உடல் எடுத்து மனிதர் ஆனார்" என்னும்போது கோயிலில் இருப்பவர்கள் எல்லாரும் தலை வணங்குவார்கள். வணங்கும் கவனத்தில் முந்தைய வரி பலர் காதில் தங்குவதில்லை. ஆனால் "கடவுளினின்று கடவுளாக, ஒளியினின்று ஒளியாக", "தந்தையோடு ஒரே பொருளானவர்" என்று அந்த அறிக்கை ஏன் இவ்வளவு அழுத்தி அழுத்திப் பேசுகிறது என்பதற்கான காரணம், கவனிக்காமல் விடப்படும் அந்த வரியில்தான் இருக்கிறது.

கிறிஸ்துவின் இயல்பு பற்றிய பழைய விவாதங்களை, கிரேக்கத் தத்துவச் சொற்களை வைத்து ஆயர்கள் நடத்திய வெற்றுச் சொற்போர் என்று ஒதுக்கிவிடுகிற பழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்த ஏடுகளைப் பொறுமையாகப் படிப்பவருக்கு இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்பக் கேட்கும். மனிதனை மீட்க யாரால் முடியும் என்பது ஒன்று. மனிதனில் எதெல்லாம் மீட்கப்பட வேண்டும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குக் கடவுளால் மட்டுமே முடியும் என்று விடை சொன்னால், மீட்பவர் குறைவற்ற கடவுளாக இருந்தாக வேண்டும். இரண்டாவது கேள்விக்கு எல்லாமே மீட்கப்பட வேண்டும் என்று விடை சொன்னால், அவர் குறைவற்ற மனிதராகவும் இருந்தாக வேண்டும். இந்த இரண்டையும் ஒருவரிலேயே எப்படிப் பொருத்துவது என்பதுதான் சுமார் ஆறு நூற்றாண்டுகள் நீண்ட வழக்கு.

கோட்பாடு வருவதற்கு முன்பே வழிபாடு வந்துவிட்டது. 1-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தில், கடவுள் வடிவில் இருந்தவர் தம்மையே வெறுமையாக்கி அடிமையின் வடிவை எடுத்தார் என்ற பாடல் போன்ற பகுதி இருக்கிறது. கி.பி. 112 வாக்கில் இன்றைய துருக்கியின் வடபகுதியை ஆண்ட ரோமானிய ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜானுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமெனக் கருதி மாறி மாறிப் பாடுகிறார்கள் என்று குறிப்பிட்டார். அவரை வணங்கினார்கள், அவர் பெயரில் திருமுழுக்குக் கொடுத்தார்கள். அப்படிச் செய்வது சரியென்றால் அவர் யாராக இருக்க வேண்டும் என்ற கேள்வி பிறகுதான் எழுந்தது.

முதலில் மறுக்கப்பட்டது அவருடைய தெய்வத்தன்மை என்று நாம் நினைக்கக்கூடும். உண்மையில் தொடக்கத்திலேயே மறுக்கப்பட்டவற்றுள் அவருடைய உடலும் ஒன்று. தெய்வம் பசிக்குமா, வியர்க்குமா, ஆணி அறையப்பட்டு இறக்குமா என்று தயங்கியவர்கள், அவர் மனிதரைப் போலத் தோன்றினார், அவ்வளவுதான் என்றார்கள். 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பத்துப் படைவீரர்களின் காவலில் ரோமுக்கு இழுத்துச் செல்லப்பட்ட அந்தியோக்கியா ஆயர் இஞ்ஞாசியார், வழியில் தங்கிய துரோவா நகரிலிருந்து சிமிர்னா சபைக்கு எழுதிய கடிதத்தில் இவர்களை எதிர்த்தார். அவருடைய வாதம் நூலறிவிலிருந்து வந்ததன்று. கிறிஸ்து பட்ட பாடு வெறும் தோற்றம் என்றால் நான் பூண்டிருக்கும் இந்தச் சங்கிலியும் தோற்றம்தானா, பிறகு எதற்காக என்னை விலங்குகளுக்கு இரையாக ஒப்புக்கொடுத்தேன் என்று கேட்கிறார். அதே கடிதத்தில் இன்னொன்றும் சொல்கிறார். இப்படிப் போதிப்பவர்களுக்குக் கைம்பெண்ணைப் பற்றியும் அநாதையைப் பற்றியும் அக்கறை இல்லை. சிறைப்பட்டவனையும் பசித்தவனையும் தாகமுற்றவனையும் அவர்கள் கவனிப்பதில்லை. கிறிஸ்துவின் உடல் மெய்யல்ல என்று கருதுகிறவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரனின் பசியும் மெய்யாகப் படாது என்பதை அவர் கண்டுகொண்டார். கோட்பாட்டுக்கும் நடப்புக்கும் உள்ள உறவை இவ்வளவு சுருக்கமாகவும் கூர்மையாகவும் சொன்ன பகுதி அக்கால எழுத்துகளில் எனக்குத் தெரிந்து வேறில்லை.

சிமிர்னாவில் வளர்ந்து, பிற்காலத்தில் இன்றைய பிரான்சில் உள்ள லியோன் நகரின் ஆயரான இரனேயு, 180 வாக்கில் எழுதிய பெருநூலில் இந்த எண்ணத்தை விரித்தார். ஆதாம் ஒரு மரத்தடியில் கீழ்ப்படியாமல் கெடுத்ததைக் கிறிஸ்து மற்றொரு மரத்தில் கீழ்ப்படிந்து சீர்செய்தார். ஏவாள் போட்ட முடிச்சை மரியா அவிழ்த்தார். மனித வாழ்வின் முழு நீளத்தையும் கிறிஸ்து மறுபடி நடந்து சீராக்கினார் என்பதே இரனேயுவின் மையக் கருத்து. குழந்தைகளுக்காகக் குழந்தையாகவும், இளைஞருக்காக இளைஞராகவும், முதியோருக்காக முதியவராகவும் ஒவ்வொரு பருவத்தையும் அவர் தூய்மையாக்கினார் என்கிறார். இந்தக் கருத்தில் அவருக்கு இருந்த பிடிப்பால், இயேசு நாற்பதைக் கடந்து ஐம்பதை நெருங்கும் வயதுவரை வாழ்ந்தார் என்றுகூட வாதிட்டார். வரலாற்றுச் செய்தியாக அதை இன்று யாரும் ஏற்பதில்லை. ஆனாலும் மீட்பின் தேவையிலிருந்து தொடங்கி மீட்பரின் வாழ்வை எண்ணிப் பார்க்கும் அந்தப் போக்கு பின்னால் வந்தவர்கள் எல்லாரிடமும் நின்றது.

318 வாக்கில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வழக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வெடித்தது. ஆரியுஸ் அந்நகரில் ஒரு கோயிலின் பொறுப்பில் இருந்த குரு. (அது அவருடைய பெயர், தமிழில் நாம் வேறு பொருளில் வழங்கும் இனப்பெயரோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை.) அவரைத் தெய்வ நிந்தை செய்தவராகவே காட்டுவது வழக்கம், ஆனால் அவர் காக்க நினைத்தது கடவுளின் ஒருமையை. பிறப்பில்லாதவர், தொடக்கமில்லாதவர் ஒருவரே. மகன் என்றால் பெற்றெடுக்கப்பட்டவர். எனவே "அவர் இல்லாதிருந்த ஒரு நிலை இருந்தது" என்றார். எல்லாப் படைப்புகளிலும் மேலானவர், உலகமே அவர் வழியாகப் படைக்கப்பட்டது, எனினும் அவரும் ஒரு படைப்பே என்பது அவர் முடிவு. தந்தை என்னைவிடப் பெரியவர், அந்த நாள் மகனுக்கும் தெரியாது என்று நற்செய்தியிலேயே வருகிற வாக்கியங்கள் அவர் கையில் இருந்தன. இந்தக் கருத்துகளைப் பாட்டாகவும் கட்டினார்.

325-இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் இன்றைய துருக்கியில் உள்ள நிசேயாவில் ஆயர்களைக் கூட்டினார். வந்தவர்கள் 318 பேர் என்பது மரபு. விவிலியத்தில் ஆபிரகாம் வீட்டில் பிறந்து போருக்குச் சென்றவர்களின் எண்ணிக்கையும் அதுவே என்பதால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. விவிலியத்தில் இல்லாத ‘ஹோமோஊசியோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லை அவர்கள் அறிக்கையில் சேர்த்தார்கள். நம் திருப்பலி நூலில் ‘ஒரே பொருளானவர்’ என்று நிற்பது அந்தச் சொல்தான். கையெழுத்திட மறுத்து ஆரியுசோடு நாடு கடத்தப்பட்ட ஆயர்கள் இருவர் மட்டுமே. ஆனால் கையெழுத்தால் வழக்கு முடியவில்லை. அடுத்த அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பேரரசர்கள் மாறும்போதெல்லாம் தீர்ப்பும் மாறியது.

அந்த அரை நூற்றாண்டில் பெரும்பகுதி ஒருவர் தோளில் விழுந்தது. நிசேயாவுக்குத் தம் ஆயருடன் திருத்தொண்டராகச் சென்ற அத்தனாசியார், 328-இல் அலெக்சாந்திரியாவின் ஆயரானார். நான்கு பேரரசர்கள் காலத்தில் ஐந்து முறை துரத்தப்பட்டு, ஏறக்குறைய 17 ஆண்டுகள் தம் நகருக்கு வெளியே கழித்தார். இறைவார்த்தையாகிய மகன் மனிதரானதைப் பற்றி அவர் எழுதிய சிறு நூலில் வரும் ஓர் உவமையை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். பலகையில் ஒருவருடைய உருவம் தீட்டப்பட்டிருக்கிறது. அழுக்கும் கறையும் படிந்து உருவம் மறைந்துவிட்டது. ஓவியர் பலகையைத் தூக்கி எறிந்துவிடலாமே என்றால், எறிய மனம் வராது. அதில் இருந்தது அப்படிப்பட்டவருடைய உருவம். ஆகவே அந்த உருவத்துக்கு உரியவரே மறுபடி வந்து ஓவியரின் முன் உட்கார வேண்டும். அதே பலகையில் அதே முகம் மீண்டும் தீட்டப்படும். மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டான் என்றால், அந்தச் சாயல் அழிந்தபோது அசலான சாயலாகிய மகனே வந்தாக வேண்டும், வேறொருவர் வந்து உட்கார்ந்தால் வேறொரு முகம்தான் கிடைக்கும் என்பது இதன் உட்பொருள்.

மனிதன் மனம் திருந்தினால் போதாதா, கடவுள் மன்னித்துவிடலாமே என்ற கேள்வியையும் அவர் தாமே எழுப்பிக்கொள்கிறார். செய்தது வெறும் குற்றம் என்றால் மன்னிப்புப் போதும். ஆனால் ஒன்றுமில்லாமையிலிருந்து உண்டான மனித இயல்பு, உயிரின் ஊற்றை விட்டு விலகியதால் மறுபடி ஒன்றுமில்லாமையை நோக்கி அழுகிக்கொண்டிருக்கிறது. நோய் உள்ளே இருக்கையில் மன்னிப்பு மருந்தாகாது. உயிரே உள்ளே வந்து கலக்க வேண்டும். பிற்காலத்தில் ஆரியுசின் தரப்புக்கு எதிராக எழுதியபோது இதையே திருப்பிச் சொன்னார்: மகனும் படைப்பே என்றால், படைப்பு படைப்போடு சேர்ந்ததால் மனிதன் இருந்த இடத்திலேயே இருப்பான், கடவுளோடு இணைந்தவன் ஆகமாட்டான். "நாம் தெய்வமாக்கப்படும்படி அவர் மனிதரானார்" என்ற அவருடைய புகழ்பெற்ற வாக்கியத்தை இந்த இடத்தில் வைத்துப் படித்தால்தான் பொருள் விளங்கும். இணைக்க வருகிற பாலம் இரு கரைகளையும் தொட வேண்டும். ஆரியுசின் கிறிஸ்து எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் அக்கரையைத் தொடவில்லை என்பதே அத்தனாசியாரின் குற்றச்சாட்டு.

இந்த விவாதம் அறிஞர்களோடு நிற்கவில்லை. 383-இல் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளில் உரையாற்றிய நீசா நகர் ஆயர் கிரகோரியார், அந்நகரத் தெருக்களைப் பற்றி அலுத்துக்கொள்கிறார்: சில்லறை கேட்டால் பிறந்தவர், பிறவாதவர் பற்றி விளக்கம் கிடைக்கிறது, ரொட்டி என்ன விலை என்றால் தந்தை பெரியவர், மகன் அவருக்குக் கீழ்ப்பட்டவர் என்கிறார்கள், குளிக்க வெந்நீர் தயாரா என்றால் மகன் ஒன்றுமில்லாமையிலிருந்து உண்டானவர் என்று பதில் வருகிறது. கிரகோரியாருக்கு அது எரிச்சல். எனக்கோ, ரொட்டி சுடுகிறவருக்கும் இது தம் உயிர் பற்றிய கேள்வியாக இருந்தது என்பதற்கு அதுவே சான்றாகத் தெரிகிறது.

அடுத்த சிக்கல் நிசேயாவின் சொந்த அணியிலிருந்தே வந்தது. அத்தனாசியாரின் நண்பரான லவோதிக்கேயா ஆயர் அப்பொல்லினாரிஸ், மகன் முழுக் கடவுள் என்பதில் யாருக்கும் சளைத்தவர் அல்லர். முழுமையான இரண்டு பொருள்கள் சேர்ந்து ஒன்றாக முடியாது. மேலும் மனித மனம் நிலையற்றது, தீய எண்ணங்களுக்கு அடிமைப்பட்டது. ஆகவே கிறிஸ்துவில் மனித உடல் இருந்தது, மனித மனத்தின் இடத்தில் இறைவார்த்தையே இருந்தது என்றார். பக்தியுள்ளவருக்குச் சட்டென்று பிடித்துப்போகும் விளக்கம் இது. இன்றும் பலர் தம்மை அறியாமல் இப்படித்தான் எண்ணுகிறார்கள். யோவான் நற்செய்தியின் புகழ்பெற்ற வரியைத் தமிழின் பழைய புரொட்டஸ்டண்ட் மொழிபெயர்ப்பு "அந்த வார்த்தை மாம்சமாகி" என்கிறது, பொது மொழிபெயர்ப்பு "வாக்கு மனிதர் ஆனார்" என்கிறது. முன்னது மூலச்சொல்லுக்கு நெருக்கம்; பின்னது அப்பொல்லினாரிசின் வழியை அடைத்துவிடுகிறது. வார்த்தை எடுத்துக்கொண்டது வெறும் தசையையா, முழு மனிதத்தையா என்ற அக்கால வழக்கு நம் இரண்டு விவிலியங்களுக்கு இடையிலும் லேசாகத் தென்படுவது வியப்பு.

நசியான்சு நகரின் கிரகோரியார், தம் ஊரில் சபைப் பொறுப்பைப் பார்த்துவந்த கிளெதோனியுஸ் என்ற குருவுக்கு 382 வாக்கில் எழுதிய கடிதத்தில் இதற்கு விடையளித்தார். "எதை அவர் ஏற்கவில்லையோ அது குணமாகவில்லை, எது கடவுளோடு இணைந்ததோ அதுவே மீட்கப்படுகிறது." ஆதாமில் பாதிதான் விழுந்தது என்றால் கிறிஸ்து பாதியை எடுத்துக்கொண்டால் போதும், முழுவதும் விழுந்தது என்றால் முழுவதையும் எடுக்க வேண்டும் என்கிறார். மேலும், கட்டளையைக் கேட்டதும் மனம்தான், அதை மீறத் துணிந்ததும் மனம்தான். முதலில் நோயுற்றதையே மருத்துவர் விட்டுவிட்டால் எப்படி? அப்பொல்லினாரிஸ் எந்தக் காரணத்துக்காக மனித மனத்தைக் கிறிஸ்துவிடமிருந்து விலக்கினாரோ, அதே காரணத்துக்காக அது அவருள் இருந்தே ஆக வேண்டும் என்று கிரகோரியார் வாதத்தைத் தலைகீழாக்கிவிட்டார். இந்த வழக்கு முழுவதிலும் எனக்கு மிக அழகாகப் படுகிற இடம் இது. மன உளைச்சலையும் அச்சத்தையும் குழப்பத்தையும் அறிந்த எவருக்கும், அவையும் குணமாகக்கூடியவை என்ற செய்தி அதில் இருக்கிறது.

இங்கே ஒன்றைக் குறிக்க வேண்டும். மீட்பர் யார் என்பதில் இவ்வளவு நுணுக்கம் காட்டிய பழைய பொதுச்சங்கங்கள் (நிசேயாவில் போல ஆயர்கள் கூடித் தீர்மானித்த பேரவைகள்), சிலுவை எப்படி மீட்கிறது என்பதற்கு ஒரே விளக்கத்தை வரையறுக்கவில்லை. நீசா கிரகோரியார், மனித உடல் என்ற இரைக்குள் மறைந்திருந்த தெய்வத்தன்மை என்னும் தூண்டில் முள்ளைச் சாத்தான் விழுங்கினான் என்றார். நசியான்சு கிரகோரியாரோ, சாத்தானுக்கு மீட்புவிலையாகக் கடவுளைக் கொடுப்பதா, அது அவமானம் என்று மறுத்தார். இருவரும் நண்பர்கள், இருவரும் சபைத் தந்தையர்களாகவே போற்றப்படுகிறார்கள்.

428-இல் கான்ஸ்டான்டிநோபிளின் ஆயரான நெஸ்தோரியுஸ், மரியாவைக் கடவுளின் தாய் என்று அழைப்பதை எதிர்த்தபோது அடுத்த புயல் எழுந்தது. கிறிஸ்துவின் தாய் என்று சொல்லலாம் என்பது அவர் யோசனை. இரண்டு மாதக் குழந்தையையோ மூன்று மாதக் குழந்தையையோ கடவுள் என்று என்னால் சொல்ல முடியாது என்று அவர் கூறியதாகப் பின்னர் எபேசு நகரில் கூடிய சங்கத்தில் சாட்சி சொன்னார்கள். அவர் தரப்பிலும் மீட்பு பற்றிய கவலை இருந்தது: ஆதாம் மீறிய இடத்தில் ஒரு மனிதர் உண்மையாகக் கீழ்ப்படிந்தால்தான் மனிதகுலம் நிமிரும், கடவுள் அந்த மனிதரை விழுங்கிவிடக் கூடாது. அலெக்சாந்திரியா ஆயர் சிரிலுக்கு இது ஆபத்தாகப் பட்டது. பிறந்தவரும் சிலுவையில் இறந்தவரும் ஒரு மனிதர், அவரோடு சேர்ந்திருந்தவர் கடவுள் என்றால், நம் சாவைக் கடவுள் தமதாக்கிக்கொள்ளவே இல்லை என்று ஆகிவிடும்; நற்கருணையில் நாம் உண்பது வார்த்தையின் சொந்த உடல் அல்ல என்றால் அது உயிர் தராது என்றார்.

431 ஜூன் 22 அன்று, அந்தியோக்கியா ஆயர்கள் வந்து சேருமுன்பே, சிரில் எபேசில் சங்கத்தைத் தொடங்கி அன்றே நெஸ்தோரியுசைப் பதவி நீக்கினார். அவ்வாறு காத்திராமல் முடித்தது நேர்மையான செயலன்று என்றே நான் கருதுகிறேன். பின்னர் அரண்மனையில் செல்வாக்குள்ளவர்களுக்கு அலெக்சாந்திரியாவிலிருந்து விலையுயர்ந்த விரிப்புகளும் தந்த இருக்கைகளும் அனுப்பப்பட்ட பட்டியலும் கிடைத்திருக்கிறது. ஆனால் அன்று மாலை நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காலையிலிருந்து வெளியே காத்திருந்த எபேசு மக்கள், தீர்ப்பைக் கேட்டதும் தீவட்டிகளோடு ஆயர்களை விடுதிவரை அழைத்துச் சென்றார்கள், பெண்கள் தூபக்கலசம் ஏந்தி முன்னே நடந்தார்கள் என்று சிரில் எழுதியிருக்கிறார். செபமாலையில் "தூய மரியே, இறைவனின் தாயே" என்று சொல்லும் ஒவ்வொருவரும் அன்று அங்கே உறுதிப்பட்ட சொல்லைத்தான் சொல்கிறார்கள். அது மரியாவின் பெருமைக்காக மட்டும் எழுந்ததன்று, அவர் மடியில் கிடந்த குழந்தை யார் என்பதைச் சொல்வதற்காக நின்றது.

சிரிலின் வழியை எல்லைவரை கொண்டுபோன யூத்திக்கஸ் என்ற துறவி, இணைந்த பிறகு ஒரே இயல்புதான் என்றார். அதைத் தீர்க்க 451 அக்டோபரில் கால்செதோனில் சங்கம் கூடியது. முதல் வரைவில் கிறிஸ்து "இரு இயல்புகளிலிருந்து" ஆனவர் என்று இருந்ததாகத் தெரிகிறது. ரோம ஆயர் லியோவின் தூதர்கள் இதை ஏற்கவில்லை. "இரு இயல்புகளில்" என்று இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். தமிழில் ஐந்தாம் வேற்றுமைக்கும் ஏழாம் வேற்றுமைக்கும் உள்ள வேறுபாடு, கிரேக்கத்தில் ஒரு சிறிய இடைச்சொல்லின் வேறுபாடு. ஆனால் முன்னதில் இரண்டும் இணைந்தபின் மனிதம் கரைந்துபோயிருக்கலாம். பின்னதில் அது என்றும் இருக்கிறது. இறுதி வரையறை, அவர் தெய்வத்தன்மையில் தந்தையோடு ஒரே பொருளானவர், மனிதத்தன்மையில் நம்மோடு ஒரே பொருளானவர் என்று நிசேயாவின் சொல்லை இருபுறமும் வைத்தது. கலப்பின்றி, மாற்றமின்றி, பகுப்பின்றி, பிரிவின்றி என்ற நான்கு எதிர்மறைகளைச் சேர்த்தது. எப்படி இணைந்தது என்று அது விளக்கவில்லை. மீட்பைக் கெடுக்கக்கூடிய நான்கு வழிகளை அடைத்துவிட்டு நின்றுகொண்டது.

எகிப்திலும் சிரியாவிலும் பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை. ‘இரு இயல்புகளில்’ என்றாலே நெஸ்தோரியுஸ் திரும்பி வந்ததாக அவர்களுக்குக் கேட்டது. எபேசின் தீர்ப்பை ஏற்காத கிழக்குச் சிரியத் திருச்சபை பாரசீகத்தில் தனியே வளர்ந்து, கடல் வழியாகக் கேரளக் கிறிஸ்தவர்களோடு உறவு கொண்டது. சென்னை பரங்கிமலைக் கோயிலில் உள்ள, பகலவி என்ற பழைய பாரசீக எழுத்து பொறித்த சிலுவை அந்தப் பாரசீகத் தொடர்பின் அடையாளம். இன்றும் கேரளத்தில், அந்தக் கிழக்குச் சிரிய மரபில் வந்து திருச்சூரை மையமாகக் கொண்ட கல்தேயச் சிரியன் சபையையும், கால்செதோனை ஏற்காத மரபைச் சேர்ந்த மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையையும், இரண்டு சங்கங்களையும் ஏற்கும் கத்தோலிக்கரையும் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கலாம். 1973-இல் எகிப்தின் கோப்து சபைத் திருத்தந்தை மூன்றாம் ஷெனூதாவும், 1994-இல் கிழக்குத் திருச்சபையின் முதுபெருந்தந்தை நான்காம் மார் தின்காவும் ரோமோடு கூட்டறிக்கைகளில் கையெழுத்திட்டு, வெவ்வேறு சொற்களில் ஒரே நம்பிக்கையைத்தான் பேசிவந்தோம் என்பதைப் பெருமளவு ஒப்புக்கொண்டார்கள்.

7-ஆம் நூற்றாண்டில், பிரிந்துபோனவர்களைச் சேர்த்துக்கொள்ள விரும்பிய பேரரசர்கள் ஒரு சமரசம் கண்டார்கள்: இயல்பு இரண்டு என்றே இருக்கட்டும், விருப்பம் ஒன்று என்று சொல்லிவிடலாம். மாக்சிமுஸ் என்ற துறவி இதை ஏற்க மறுத்து, இயேசு கைதாகுமுன் வேண்டிய கெத்சமனித் தோட்டத்துக்கு எல்லாரையும் அழைத்துச் சென்றார். "என் விருப்பப்படி அல்ல, உம் விருப்பப்படியே ஆகட்டும்" என்று அங்கே வேண்டியது யாருடைய விருப்பம்? சாவுக்கு அஞ்சுகிற ஒரு மனித விருப்பம், அச்சத்தோடேயே கடவுளின் விருப்பத்துக்கு இணங்கியது என்றால்தான், ஏதேனில் பிசகிய மனித விருப்பம் அந்தத் தோட்டத்தில் நேராகியது என்று சொல்ல முடியும். விருப்பத்தை அவர் ஏற்கவில்லை என்றால் விருப்பம் குணமாகவில்லை; கிளெதோனியுசுக்கு எழுதிய கடிதத்தின் வாதமே இங்கே மறுபடி நின்றது. 662-இல், எண்பது வயதை ஒட்டிய அவரைக் கான்ஸ்டான்டிநோபிளில் மீண்டும் விசாரித்து, பேசிய நாக்கையும் எழுதிய வலக்கையையும் வெட்டி, கருங்கடலுக்குக் கிழக்கே நாடு கடத்தினார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே இறந்துபோனார். 680, 681 ஆண்டுகளில் அதே நகரில் கூடிய சங்கம், கிறிஸ்துவில் இரண்டு விருப்பங்கள் உண்டு, மனித விருப்பம் எதிர்க்காமல் பின்செல்கிறது என்று தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தில் மாக்சிமுசின் பெயர் இல்லை.